அன்னக்கூடைக்குள் போன வலைப்பதிவு

தாம்பரத்தில் என்னை முதலில் வரவேற்றது நானேதான். நர்சிங் கல்லூரி வாசலில் ஆளுயர பேனரில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன். ஃபேஸ்புக்கிலிருந்து உருவிய படம். நண்பன் ஒருவனின் கல்யாணத்தில் பந்திக்கு இடம் கிடைக்காமல் நின்றபோது எடுத்தது. பின்னாலிருந்த வாழைமரத்தை வெட்டிவிட்டு ஈஃபில் கோபுரத்தை நட்டிருந்தார்கள். நான் வேலை பார்ப்பது அயர்லாந்தில். ஐரோப்பா என்றால் ஒரு கோபுரமாவது இருக்க வேண்டும் என்று பேனர்க்காரர் முடிவு செய்திருக்கிறார். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வேறு. நான் நர்ஸ், நர்ஸ்களுக்குப் பாடம் நடத்தும் நர்ஸ். நர்சிங் கல்லூரி வாசலிலேயே ஒருவனை நர்ஸ் என்று போடக் கூச்சப்படுகிறார்கள்.

சொந்த ஊர் திருச்சி. சென்னை எனக்கு எப்போதும் விமானம் பிடிக்கிற ஊர்தான். தாம்பரத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இந்த முறை அங்கே கொண்டுபோய் இறக்கியது எங்கள் துறைத் தலைவியின் யோசனை. ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தவர், இனி நர்சிங் மாணவர்கள் நாடு விட்டு நாடு சமூக ஊடகத்தில்தான் கற்பார்கள் என்று அறிவித்துவிட்டார். அங்கே ஒரு மாணவி, இங்கே ஒரு மாணவி. இருவரும் சேர்ந்து தினமும் வலைப்பதிவு எழுத வேண்டும். அதில் 'பிரதிபலிப்பு' இருக்க வேண்டும். அதாவது, இன்று என்ன செய்தேன் என்பதைவிட, செய்தபோது எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்பதற்கு மதிப்பெண் அதிகம். ஊசி சரியாகப் போட்டாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஊசி போட்டபோது நீ என்ன உணர்ந்தாய் என்று கேட்பார்கள். நோயாளி என்ன உணர்ந்தார் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

ஆர்வமாகப் பெயர் கொடுத்த மாணவிகள் சென்னை வெயிலைப் பற்றிப் படித்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவள் ஓர்லா. நல்ல பெண்தான். ஆனால் அவளுக்கு வலது கை என்று ஒன்று தனியாகக் கிடையாது, அந்த இடத்தில் போன்தான் முளைத்திருந்தது. இட்லியைப் படம் எடுப்பாள், இட்லியைப் பிட்டு எடுப்பாள், பிட்ட இட்லியைச் சட்னியில் தோய்த்து எடுப்பாள். எல்லாம் எடுத்து முடிக்கையில் இட்லி காய்ந்துபோயிருக்கும். ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்ததை 'ஆன்மிக அனுபவம்' என்று எழுதினாள். கடந்தது உண்மையில் நான்தான். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வந்தாள்.

இனி கல்லூரியின் பங்கு. அங்கே விடுதி மாணவிகளுக்குப் போன் கிடையாது. வார்டன் அறையில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. எல்லோருடைய போனும் அதற்குள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக் கொடுத்து, ஜெபத்துக்கு மணியடித்ததும் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

"அப்புறம் எப்படி மேடம் பிளாக் எழுதுவாங்க?" என்று பிரின்சிபலிடம் கேட்டேன்.

"பேப்பர்ல எழுதுவாங்க சார். நான் கரெக்‌ஷன் பண்ணிக் கொடுப்பேன். ஆபீஸ்ல டைப் பண்ணிப் போட்டுடுவாங்க."

"போனைக் கொடுத்துட்டா அவங்களே போட்டுடுவாங்களே?"

"டிஜிட்டல்தான் சார் ஃப்யூச்சர். அதுல டவுட்டே இல்ல. ஆனா கையில போன் கொடுத்தா பிள்ளைங்க கெட்டுப் போயிடுவாங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. நானும் சிரிக்காமல் டீயைக் குடித்தேன்.

ஓர்லாவுக்கு ஜோடியாகக் கொடுக்கப்பட்டவள் சங்கீதா. மூன்றாமாண்டு. கோவளத்து மீனவக் குடும்பம். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அதிகம் பேசமாட்டாள், ஆனால் எழுதுவதில் ஒளிவுமறைவு கிடையாது. அவளுடைய முதல் பதிவின் காகிதத்தைப் பார்த்தேன். 'இன்று காலை சாம்பாரில் உப்பு இல்லை. ஓர்லா அக்கா நன்றாக இருக்கிறது என்றார். பாவம், அவருக்குத் தெரியாது' என்று தொடங்கியிருந்தாள். பிரின்சிபலின் சிவப்பு மை அதன்மேல் ஓடி முடிந்தபோது, 'கடவுளின் கிருபையால் சத்தான காலை உணவுடன் நாள் இனிதே ஆரம்பித்தது' என்று ஆகியிருந்தது. தட்டச்சு செய்த அலுவலகத்து அம்மா தன் பங்குக்கு ஒரு ரோஜாப்பூவையும் சேர்த்துவிட்டார்.

பதிவு ஏறியதும் இன்னொரு சடங்கு உண்டு. அதன் இணைப்பு ஆசிரியர்கள் குழுவுக்கும் பெற்றோர் குழுவுக்கும் வாட்ஸ்அப்பில் போகும். எல்லோரும் லைக் போட்டே ஆக வேண்டும். போடாத ஆசிரியையின் பெயரை பிரின்சிபல் குழுவிலேயே கேள்விக்குறியோடு எழுதுவார். பெற்றோர்கள் அதைவிட வேகம். இணைப்பைத் திறக்காமலே 'சூப்பர் மேடம்' என்று அனுப்பிவிடுவார்கள். அயர்லாந்திலிருந்து எங்கள் தலைவி அந்த லைக்குகளைப் பார்த்துவிட்டு, 'சமூகம் எவ்வளவு ஆழமாக ஈடுபடுகிறது!' என்று எனக்கு மின்னஞ்சல் எழுதினார்.

பம்மலுக்கு ஒரு நாள் வீடு வீடாக இரத்த அழுத்தம் பார்க்கப் போனோம். கல்லூரி வேனுக்கு அன்று வேறு வேலை, அதனால் ஷேர் ஆட்டோ. ஏற்கெனவே நிரம்பி வழிந்த ஆட்டோவை நிறுத்தி, ஓட்டுநர் கூப்பிட்டார்.

"ஏறு சார், எடம் கீது."

"எங்க இருக்கு?"

"நீ ஏறினா வந்துடும் சார்."

வந்துவிட்டது. என் மடியில் ஒரு காய்கறிப் பை, அதன்மேல் ஓர்லாவின் முழங்கை. அயர்லாந்தில் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்தாலே ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார்கள். இங்கே யாருடைய தோள் எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. பழைய தோல் பதனிடும் ஷெட்டுகள் இருந்த தெருப் பக்கம் திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஓர்லாவும் இறங்கினாள், நாங்கள் தள்ளுவதைப் படம் பிடிக்க.

உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு நம்மளப் படம் புடிச்சிகினு கீது?" என்றார்.

பக்கத்தில் இருந்தவர், "வெள்ளக்காரங்க அன்னிக்கே அப்டித்தான். நம்மளத் தள்ள வுட்டுட்டு நின்னு பாத்துகினு இருந்தாங்க" என்றார்.

ஓர்லா என்னிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். வாழ்த்துகிறார்கள் என்றேன்.

பம்மலில் ஒரு வீட்டில் என்னை டாக்டர் என்றார்கள். நர்ஸ் என்றதும் அந்த வீட்டு மாப்பிள்ளை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பளைங்ககூட அதுக்குப் படிக்கிறாங்களா?" அவருக்குப் பிரஷர் எகிறிக் கிடந்தது. அதைச் சொன்னதும் மரியாதை வந்து, 'பிரதர்' ஆகிவிட்டேன்.

பிறகு கோவளம். அதற்கு வேன் கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டு போனபோதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கொஞ்சம் நல்ல புத்தி வந்தது. கரையில் படகுகள், வலை உதறுகிறவர்கள், ஏலம் கத்துகிற குரல். கல்லூரி அங்கே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிடுகிறது. இந்த ஒரு காரியத்துக்காக அந்தக் கல்லூரியின் பேனரையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

அங்கேதான் செல்வி வந்தார். சாலையோரம் மீன் விற்கிறவர், சங்கீதாவின் பக்கத்து வீட்டுக்காரர், அவளுக்கு அத்தை முறை. சர்க்கரை வியாதி. கெளுத்தி மீனின் முள் காலில் குத்தி, இரண்டாவது விரலோரம் புண்ணாகிக் குழிவிட்டிருந்தது. சங்கீதா பொறுமையாகக் கழுவிக் கட்டி, பல வாரமாக அதை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். ஓரங்களில் புதுச் சதை இளஞ்சிவப்பாக ஏறியிருந்தது. "கட்டு தவறாம போட்டா விரல் பொழைச்சுக்கும் சார். விட்டா விரல் போயிடும், அதோட நிக்காது" என்றாள். நான் பார்த்தவரை அவள் சொன்னது சரி.

அன்று மின்சாரம் போய்விட்டது. அறை இருட்டு. வெளியே படகு நிழலில் உட்காரலாம் என்றார் செல்வி. தான் மீன் சுமக்கிற அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டார். ஓர்லா போனை எடுத்தாள். விதிப்படி சம்மதம் கேட்க வேண்டும். நான் மொழிபெயர்த்தேன். செல்விக்கு ஒரே சந்தோஷம். முந்தானையைச் சரிசெய்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து சிரித்தார்.

"முகம் வராதும்மா. முகம் எடுக்கக்கூடாது, அது எங்க ரூல்" என்றேன் பெருமையாக.

"மூஞ்சி வராதா? அப்பால இன்னாத்துக்கு எடுக்கற?"

ஓர்லா காலை மட்டும் படம் எடுத்தாள். அன்னக்கூடையின் பக்கவாட்டில் ஆணியால் குத்திய புள்ளிகள் ஓடின. அது அழகாக இருக்கிறது என்று இன்னும் கிட்டே போய் எடுத்தாள்.

சாயங்காலம் மேற்குத் தாம்பரத்தில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பதிவை ஏற்றுவதற்கு முன் நான் பார்த்து அனுமதிக்க வேண்டும். வலது கையில் சால்னா வழிய, இடது கையால் போனை வாங்கினேன். முகம் இருக்கிறதா? இல்லை. பதிவுக்குள் பெயர் இருக்கிறதா? இல்லை. 'பாரம்பரியப் புள்ளி வேலைப்பாடு கொண்ட பாத்திரத்தின் மேல் ஒரு மீனவப் பெண்ணின் துணிச்சல்' என்று எழுதியிருந்தாள். எழுதியவர்கள்: ஓர்லா, சங்கீதா. சங்கீதாவின் பெயரைச் சேர்ப்பதும் விதிதான், அவளுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். சரி என்று அழுத்திவிட்டுப் பரோட்டாவுக்குத் திரும்பினேன்.

புள்ளி வேலைப்பாடாம். தமிழ்நாட்டில் எந்த வீட்டுப் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் இருக்கிறார்கள்? பாத்திரக் கடையில் வாங்கினதும் முதல் வேலை அதுதானே. என் அம்மாவின் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இன்றும் அயர்லாந்தில் என் சமையலறையில் இருக்கிறது, தினமும் அதில்தான் காபி குடிக்கிறேன். அப்படிப்பட்ட நான் அதைப் பார்க்கவில்லை. அன்னக்கூடை கவிழ்ந்திருந்ததால் எழுத்தும் தலைகீழாகக் கிடந்தது. 'கே. செல்வி, கோவளம்.' கோவளத்தில் எல்லோரும் போனைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டார்கள்.

அங்கே அது போய்ச் சேர்ந்த வழிதான் கொடுமை. வழக்கம்போல பெற்றோர் குழுவுக்கு இணைப்பு போனது. சங்கீதாவின் அப்பா மகள் பெயரைப் பார்த்தார். வெளிநாட்டுக்காரியின் பெயருக்குப் பக்கத்தில் தன் மகளின் பெயர். அவருக்குத் தலைகால் புரியவில்லை. 'என் மகள்' என்று எழுதி ஊர்க் குழுவில் போட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் திறந்து பார்க்கவில்லை. ஊர் திறந்து பார்த்தது.

அடுத்த கட்டு நாளில் செல்வி வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. அந்த இரண்டு நாளும் கட்டுப்போடப் போனது வேறு மாணவிகள். விடுதியின் தரைவழித் தொலைபேசியில் அம்மா சொல்லித்தான் சங்கீதாவுக்கே விஷயம் தெரிந்தது. வகுப்பறை வாசலில் என்னை நிறுத்திச் சொன்னாள்.

"சார், செல்வி அத்தை டிரெஸ்ஸிங்குக்கே வரலயாம். பழந்துணியைச் சுத்திக்கிட்டு வியாபாரத்துக்குப் போறாங்களாம். மணல்லயே நிக்கிறாங்களாம் சார். ஏதாவது பண்ணுங்க சார், விரல் போயிடும்."

நேராக பிரின்சிபல் அறைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே விசாரணை தொடங்கியிருந்தது, ஆனால் விரலைப் பற்றி அல்ல.

"அந்தப் பொண்ணு போன் யூஸ் பண்ணியிருக்கா சார்."

"அவ போன் உங்க டப்பாவுல இருக்கு மேடம்."

"அதான் சார் எனக்கும் புரியல. டப்பாவுல இருக்கும்போதே எப்படி யூஸ் பண்ணினா?"

நான் நடந்ததை விளக்கினேன். படம் ஓர்லா எடுத்தது, அனுமதித்தது நான், குழுவுக்கு அனுப்பியது இதே அலுவலகம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இனி சங்கீதா கோவளம் பக்கமே போகக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். வெளிநாட்டு விருந்தாளியைத் திட்ட முடியாது, யாரையாவது திட்டியும் ஆக வேண்டும்.

"விரல் மேடம்?" என்றேன்.

"எந்த விரல் சார்?"

எங்கள் தலைவியின் மின்னஞ்சல் இன்னும் அழகு. 'முகம் தெரியவில்லை. பதிவில் பெயர் தட்டச்சு செய்யப்படவில்லை. எனவே நெறிமுறை மீறப்படவில்லை. படத்தை நீக்கிவிடுங்கள். ஓர்லாவின் மனநலத்தில் கவனம் செலுத்துங்கள்.' ஓர்லாவும் சும்மா இருக்கவில்லை. அழுதாள், அழுது முடித்ததும் அதைப் பதிவாக எழுதினாள். 'ஒரு தவறிலிருந்து நான் என்னைக் கண்டடைந்தேன்.' அந்தப் பயணத்திலேயே அதிகப் பாராட்டு வாங்கிய பதிவு அதுதான். தலைவி அதற்கு இதயம் போட்டிருந்தார், வார்டன் கைகூப்பியிருந்தார். பெற்றோர்கள் 'சூப்பர்' என்றார்கள். ஒரு பெண்ணின் கால் அழுகிக்கொண்டிருக்கிறது, இரண்டு நாட்டு நர்சிங் கல்வி கூடி இதயம் போட்டுக்கொண்டிருக்கிறது. அனுமதித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையைப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அதை ரத்து செய்தேன். பிரின்சிபலிடம் போய், கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

"மேடம், அயர்லாந்துலேர்ந்து ஃபாலோ-அப் பிளாக் கேக்கறாங்க. கோவளத்துல இருந்துதான் வேணுமாம். இண்டர்நேஷனல் பார்ட்னர் ரெண்டு பேரும் இருக்கணுமாம்."

விரலுக்கு அசையாதவர் பிளாக்குக்கு எழுந்தே நின்றுவிட்டார். "டெஃபனிட்லி சார். வேன் எடுத்துக்கோங்க. சங்கீதாவையும் கூட்டிட்டுப் போங்க. நிறைய போட்டோ எடுங்க." வேனுக்கு முன்னால் என் பேனரையும் கட்டிவிட்டார்கள். டாக்டரும் ஈஃபில் கோபுரமும் முன்னால் போக, நர்ஸாகிய நான் பின்னால் உட்கார்ந்து போனேன். மேடவாக்கம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி அவிழ்த்துச் சுருட்டிப் பின்னால் போட்டேன்.

செல்வி கோவளத்தில் சாலையோரம் குடையின்கீழ் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடையில் கூட்டம். இவர் முன்னால் வஞ்சிரமும் சங்கராவும் ஈ மொய்க்கக் கிடந்தன. கால் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. எங்களைப் பார்த்ததும் கால் புடவைக்குள் போய்விட்டது.

"இன்னா, இன்னொரு காலும் வேணுமா?"

ஓர்லா உடனே மண்டியிட்டு ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னாள். கண்ணீர் கொட்டியது.

"இன்னா சொல்லுது இது?" என்று என்னைக் கேட்டார்.

"மன்னிப்பு கேக்கறாம்மா."

"எங்கிட்டயா? ஒரு ஆளு மீனு வாங்கல தெரியுமா? பக்கத்துக் கடைக்காரி வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போனைத் தொறந்து காமிச்சிகினு கீறா. சீழ் புடிச்ச காலுக்காரியாம், மீனத் தொடுறாளாம். ஏன் பிரதரு, மூஞ்சியப் போட்டிருந்தா இன்னா? என் மூஞ்சில இன்னா புண்ணா கீது? சிரிச்சிகினு தானே குந்தினு இருந்தேன். நல்லா கீற மூஞ்சிய வுட்டுட்டு, அழுகின காலப் போட்டு, கீழ பேரையும் போட்டு வெச்சிகீறீங்க. இதான் உங்க ரூலா?"

இத்தனை வருடம் நான் வகுப்பெடுத்த நோயாளி கண்ணியம் என்ற பாடம் முழுவதும் அந்த ரோட்டோரத்தில் உதிர்ந்து போனது. என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்.

"தப்புதாம்மா. நான் பாத்திருக்கணும். பேரு படத்துல இருந்துச்சு, நான் பார்க்காம விட்டுட்டேன்."

அவர் என்னை விட்டுவிட்டு சங்கீதாவைப் பார்த்தார். "நீயும் தானே பேரு போட்டுகீற?"

"நான் போடல அத்த. எங்கிட்ட போனே இல்ல. எங்க எல்லார் போனையும் வாங்கி டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழம தான் தருவாங்க."

"போனைப் புடுங்கிக்கினு தான் உள்ள வுடுவாங்களா?"

"ஆமா அத்த."

செல்வி அன்னக்கூடையிலிருந்த மீனைப் பலகைமேல் எடுத்து அடுக்கினார். அடியில் ஐஸ் இருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, கூடையை எங்கள் பக்கம் தள்ளினார். பக்கவாட்டில் அவருடைய பேர் இப்போது நேராகத் தெரிந்தது.

"அது நல்ல ரூலு. இங்கயும் அதான். எல்லாரும் இதுல போடுங்க. அப்பால தான் காலக் காட்டுவேன்."

ஓர்லாவுக்கு நான் மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. முதலில் அவள் போன் உள்ளே போனது. பிறகு என்னுடையது. வேடிக்கை பார்க்க வந்த வேன் ஓட்டுநரிடமும் வாங்கிப் போட்டார். மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டு, கவரிலிருந்து காலை எடுத்து நீட்டினார்.

சங்கீதா துணியைப் பிரித்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. மஞ்சள்தூளும் மணலும் ஒட்டிக் கிடந்தன. இளஞ்சிவப்புச் சதையைக் காணவில்லை. விரல் நுனி கறுத்திருந்தது. சங்கீதா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை எந்தப் பதிவிலும் எழுத முடியாது. நான் கையுறை மாட்டிக்கொண்டு விரலின் அடிப்பக்கத்தை அழுத்தினேன்.

"ஐயோ!" என்று கத்தி, செல்வி என் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

அவ்வளவு நல்ல அறையை நான் வாங்கியதே இல்லை. வலித்தது என்றால் அங்கே இன்னும் உயிர் இருக்கிறது. சங்கீதா உப்புநீர் ஊற்றிக் கழுவினாள். ஓர்லா காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள், அழுக்கு நீர் வழிவதற்குக் கிண்ணத்தையும் பிடித்துக்கொண்டாள். இந்தப் பயணத்தில் முதல்முறையாக அவளுக்கு இரண்டு கைகள் இருந்தன. நன்றாகத்தான் வேலை செய்தாள். சங்கீதா கண்ணால் காட்டியதைக் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

கட்டுப்போட்டு முடிப்பதற்குள் அன்னக்கூடைக்குள் மணியடித்தது. என் போன். கல்லூரியிலிருந்துதான் இருக்கும், பிளாக் எங்கே என்று கேட்பதற்கு. நின்றது, மறுபடி அடித்தது. பக்கத்துக் கடையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி, மணியடிக்கிற மீன்கூடையைப் பார்த்தார்கள்.

"அடிக்கட்டும் வுடு" என்றார் செல்வி. "ஐஸு தானே கேக்குது."

சங்கீதா சிரித்துவிட்டாள். செல்வியும் சிரித்தார், அன்று படத்துக்காக வைத்துக்கொண்டிருந்த அதே சிரிப்பு. எடுப்பதற்கு யாரிடமும் போன் இல்லை.

கட்டு முடிந்ததும் அவரை விடவில்லை. இதை அறுவை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என்றேன். மீனை யார் பார்ப்பது என்று முரண்டு பிடித்தார். கடலிலிருந்து வந்திருந்த சங்கீதாவின் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு வந்து அந்தக் குடையின்கீழ் உட்கார்ந்தார். "நீ போயிட்டு வா செல்வி, நான் வித்துக் குடுக்கறேன்" என்றார். வலைப்பதிவுக்காக வந்த வேனில் செல்வியை ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கால் கீழே தொங்காமல் இருக்க எதையாவது முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. சுருட்டி வைத்திருந்த பேனர் சரியான உயரத்தில் இருந்தது. அது பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மருத்துவர் இளைஞர். பார்த்துவிட்டு, மருந்து எழுதினார். தினமும் கட்டு, காலில் செருப்பு, சர்க்கரைக்கு மாத்திரை தவறக்கூடாது. விரலை எடுப்பதா விடுவதா என்று பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அந்தப் 'பிறகு' வருவதற்குள் எங்கள் விமானம் வந்துவிட்டது. கிளம்பும் முன் பிரின்சிபலிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். இனி கோவளத்துக் கட்டு நாட்களில் சங்கீதாவை அனுப்ப வேண்டும், அயர்லாந்து அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் என்றேன். அயர்லாந்துக்குக் கோவளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் அந்த அறையில் அந்த வார்த்தைக்கு எடை உண்டு. "கண்டிப்பா அனுப்பறேன் சார்" என்றார்.

அயர்லாந்து திரும்பியதும் தலைவி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கோவளத்துக்கு இரண்டாவது முறை போன நாளுக்குப் பதிவே இல்லையே, அன்று என்ன கற்றாய் என்று ஓர்லாவைக் கேட்டார். "கால் பிடிக்கக் கற்றேன்" என்றாள். பதிவு இல்லை என்றால் மதிப்பெண் இல்லை, அது விதி. அவளுக்கு அந்த நாளுக்குப் பூஜ்யம் போட்டது நான்தான். என் போனில் இன்னமும் மீன் வாடை இருக்கிறது என்று மனைவி புகார் சொல்கிறாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே வழக்கம்போல மழை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாம்பரத்தில் அது மதியச் சாப்பாடு முடிந்து டப்பா திறக்கிற நேரம். சங்கீதாவிடமிருந்து ஒரு வரி வந்தது.

'விரல் இருக்கு சார்.'

ஒரு போட்டோ அனுப்பு, எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று பழக்கதோஷத்தில் தட்டத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, தட்டியதையெல்லாம் அழித்தேன். 'சந்தோஷம்மா, அத்தையைக் கேட்டதாகச் சொல்' என்று மட்டும் அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டேன்.